டிக்கெட் சோதனை வாசலில் அல்ல, வெளிச்சுற்றில்

ஐயா,

கால்பந்து மைதானப் பாதுகாப்பு என்றாலே போலீஸ் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். கதவுகளைக் கவனிப்பதில்லை. லண்டன் வெம்ப்ளியில் 2021 ஜூலை 11 அன்று நடந்த யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை) இறுதிப்போட்டியில், டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் உள்ளே புகுந்தார்கள். கூட்டமாகப் பாய்ந்தது மட்டும் 17 முறை என்றது இச்சம்பவத்தை ஆராய்ந்த பரோனஸ் கேசியின் அறிக்கை. மாற்றுத்திறனாளிகளுக்கான கதவுகளும் அவசரகாலக் கதவுகளுமே வழியாயின.

சுழல்கதவில் ஒவ்வொருவராகத்தான் நுழைய முடியும். சக்கர நாற்காலிக்காக அகலமாகத் திறக்கும் கதவில் கூட்டமே நுழைந்துவிடும். அதில் முதலில் இடிபடுவது நாற்காலியில் இருப்பவர்தான். கொடுமை! அவசரகாலக் கதவை உள்ளே இருப்பவர் தள்ளினாலே திறந்துவிடும். அதைப் பூட்டவும் கூடாது, தீப்பிடித்தால் உயிர்கள் போகும். எனவே டிக்கெட் இல்லாதவரை மைதானத்தை நெருங்கவிடாமல் வெளிச்சுற்றிலேயே நிறுத்த வேண்டும்.

– வாசகர், சென்னை