முதல் பருவச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் உற்சாகமாகப் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறார்கள். முதல் பருவம் நல்லபடியாக நிறைவடைந்தது. காலாண்டுத் தேர்வில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பாராட்டத்தக்க முன்னேற்றம் காட்டியிருக்கிறார்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் கபடி, கோ-கோ அணிகள் சிறப்பாக ஆடின. அறிவியல் கண்காட்சி, கலைவிழா, மரக்கன்று நடுதல் எல்லாம் இனிதே நடந்தேறின. உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி. விடைத்தாள்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி நாள் விழாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்ட நாள் அது. அதன் நினைவாக 2015 முதல் நாடு முழுவதும் கைத்தறி நாள் கொண்டாடப்படுகிறது. கூட்டுறவு நெசவை வளர்த்துப் பத்மஸ்ரீ பெற்ற எம்.பி. நாச்சிமுத்து அவர்களின் ஊரான சென்னிமலையில், இது நம் வீட்டு விழா. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்ததையும், பெட்ஷீட்டும் ஜமக்காளமும் அந்தப் பட்டியலில் இருப்பதையும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாளைப் பார்க்காமல் சொன்னாள். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தின் பெயரிலேயே விசைத்தறிச் சரக்கு குறைந்த விலைக்கு விற்பதையும், அதனால் தறிக்காரர் கூலி அடிபடுவதையும் அவள் விளக்கியபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர் பலர் தலையாட்டியதைப் பார்த்தேன். "விலை மட்டும் பார்க்காதீர்கள், நெய்தவரையும் பாருங்கள்" என்று அவள் முடித்தாள். நெடுநேரம் கைதட்டினீர்கள்.

அதே பேச்சை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த விஷயத்தை எழுதுகிறேன்.

நம் பள்ளிச் சீருடையை இந்த ஊரில் பல வருடங்களாகத் தைத்துக் கொடுக்கும் தையல்கடைக்காரர் சென்ற வாரம் பள்ளிக்கு வந்தார். புகார் சொல்ல வரவில்லை. "ஏனுங்க சார், லீவு முடிஞ்சு பசங்க வந்துட்டாங்களா? துணி நெறையா அப்படியே கெடக்குதுங்க. கொஞ்சம் சொல்லிவுட்டா வந்து வாங்கிக்குவாங்க" என்றார். கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஜூன் மாதம் அளவு கொடுத்துத் தைக்கச் சொன்ன சட்டைகளும் பாவாடைகளும் கால்சட்டைகளும் பிள்ளையின் பெயர், வகுப்பு எழுதிய துண்டுச்சீட்டு குத்தியபடி அலமாரியின் இரண்டு தட்டுகளை அடைத்துக்கொண்டிருக்கின்றன. சிலர் நூறு, இருநூறு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். பலர் அதுவும் கொடுக்கவில்லை. பேனா, நோட்டு விற்கும் பக்கத்துக் கடையிலும் இதே கதைதான். பட்டியல் கொடுத்துக் கட்டி வைக்கச் சொன்ன நோட்டுக் கட்டுகள் அட்டையோடு அங்கே கிடக்கின்றன.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ஆன்லைனில் இதே நிறத்தில் சட்டை குறைந்த விலைக்குக் கிடைத்திருக்கும், ஆர்டர் போட்டிருப்பீர்கள். அதை நான் குற்றம் சொல்லவில்லை. இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று இந்தப் பள்ளி யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை, இனியும் கட்டாயப்படுத்தாது. எந்தக் கடையிலிருந்தும் பள்ளிக்கு ஒரு ரூபாய் கமிஷன் வருவதில்லை என்பதையும், அலுவலகத்தில் சிலர் கேட்ட கேள்விக்குப் பதிலாக, இங்கே எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். வாரக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஐம்பது ரூபாய் மிச்சமும் பெரிய காசுதான்.

ஆனால் தைக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் இருப்பது வேறு. அந்தத் துணி ஈரோட்டு மொத்தக் கடையில் கடனுக்கு எடுத்தது. அளவுக்கு வெட்டித் தைத்தும் ஆகிவிட்டது. ஒரு பிள்ளையின் தோளுக்கும் இடுப்புக்கும் பார்த்துத் தைத்ததை இன்னொரு பிள்ளைக்கு விற்க முடியாது. அதில் காஜா எடுத்துப் பட்டன் கட்டியவர்கள் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள். சிலர் நம் பள்ளியிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள். தையல்காரர் அவர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டார். அவருக்குத்தான் இன்னும் வரவில்லை. அவருடைய மகளும் இங்கேதான் படிக்கிறாள். கைத்தறி நாளன்று எந்தக் கூலிக்காகக் கைதட்டினோமோ, அதே கூலிதான் இந்த அலமாரியிலும் முடங்கிக் கிடக்கிறது.

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கடைக்குள் பிள்ளையைக் கூட்டிப்போய், சட்டையைப் போட்டு அளவு பார்த்துவிட்டு, கடைக்காரர் எதிரிலேயே போனில் விலையைக் காட்டி, "இங்க ஏன் இவ்வளவு சொல்றீங்க?" என்று சத்தம் போடுவது முறையல்ல. நோட்டுக் கடையிலிருக்கும் அம்மாவிடம் அப்படிப் பேசியவர் பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பையன் நின்றிருக்கிறான். மறுநாள் அதே வார்த்தையை அவன் வகுப்பில் சொல்லிச் சிரித்ததை ஆசிரியர் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கச் சொல்லி நாங்கள் காலை வணக்கத்தில் எத்தனை முறை பேசினாலும், நீங்கள் கடையில் நடந்துகொள்வதைத்தான் பிள்ளை எடுத்துக்கொள்வான்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். திங்கட்கிழமை இறைவணக்கத்தில் நின்று பார்த்தால் நம் அரக்கு நிறப் பாவாடை மூன்று நான்கு விதமாகத் தெரிகிறது. ஒன்று செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது, இன்னொன்று இரண்டு சலவையில் வெளுத்துவிட்டது. நம் ஊர்த் தையல்காரர் கால்சட்டையின் அடியில் இரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்துத் தைப்பார், இடுப்பிலும் கொஞ்சம் துணி விட்டு வைப்பார். அடுத்த ஜூனில் பிரித்துவிட்டால் வளர்கிற பிள்ளைக்கு இன்னொரு வருடம் ஓடும். காலையில் பட்டன் அறுந்து வரும் பையனை நாங்கள் அனுப்பினால், முதல் மணி அடிப்பதற்குள் தைத்து அனுப்பிவிடுவார். காசு கேட்டதில்லை. விலையை ஒப்பிட்டுப் பார்க்கும்போது இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். விளையாட்டு விழாவுக்குப் பரிசுக் கோப்பை தருவதும், சுற்றுலா போகும் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பெட்டி ஏற்றிவிடுவதும், சனிக்கிழமை சம்பளம் வரும்வரை நோட்டுப் புத்தகத்தைக் கடனுக்குத் தருவதும் இதே கடைத்தெருவினர்தான்.

கடைக்காரர்களிடமும் பேசியிருக்கிறேன். பெற்றோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும், கேட்காமலே பில் கொடுக்க வேண்டும், சொன்ன தேதியில் துணி தயாராக இருக்க வேண்டும், அளவு தவறினால் முகம் கோணாமல் மாற்றித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டார்கள். ஜிபேயில் பணம் கொடுக்கவும் வசதி செய்திருக்கிறார்கள்.

ஆகவே வேண்டுகோள் இதுதான். உங்கள் பிள்ளையின் பெயரில் தைத்து வைத்த சீருடையோ கட்டி வைத்த நோட்டுக் கட்டோ கடையில் இருந்தால், தீபாவளிக்கு முன்பு மீதித் தொகையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு மாதத்தில் பிள்ளை வளர்ந்திருந்தால் மடிப்பைப் பிரித்துத் தரத் தையல்காரர் தயார், அதற்குத் தனிக் கூலி இல்லை. தறி ஓடாமல், மில்லில் ஷிப்டு குறைந்து, இப்போது பணம் புரட்ட முடியாத நிலையில் இருந்தால் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ தயங்காமல் சொல்லுங்கள். முன்னாள் மாணவர்கள் சிலர் உதவ முன்வந்திருக்கிறார்கள். யாருக்கு உதவி போனது என்பது எங்களைத் தாண்டி வெளியே வராது. வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாலும் கடைக்கு நேரில் போய் அதைச் சொல்லி, தையல் கூலியையாவது கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு எங்கே வாங்குவது என்பது முழுக்க உங்கள் விருப்பம். கடையில் அளவு கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பகலில் வேலைக்குப் போவதால் சிலர் ஆன்லைன் பார்சலுக்குப் பள்ளி முகவரியைக் கொடுக்கிறீர்கள். காவலாளி வாயிலில் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டியவர். தயவுசெய்து இனி வேண்டாம்.

இந்தச் செய்தி காதில் விழுந்ததுமே சில பெற்றோர் போய்ப் பாக்கியைத் தீர்த்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரு தாய் தன் பிள்ளையின் துணியோடு, ஊரைவிட்டு மாறிப்போன பக்கத்து வீட்டுப் பிள்ளையின் துணிக்கும் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. பள்ளி எது கேட்டாலும் மறுக்காமல் நிற்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி.

தீபாவளி வரை தையல்கடை ஞாயிற்றுக்கிழமையும் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். துண்டுச்சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையின் பெயரும் வகுப்பும் சொன்னால் எடுத்துத் தருவார்.

உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்