கதையைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னாயே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். என் முழங்கால் வலியைப் பற்றி அம்மா ஏற்கெனவே உன்னிடம் சொல்லியிருப்பாள். அதை விட்டுவிடுகிறேன்.

போன வாரம் பேசும்போது ஒன்று கேட்டாயே. "சின்ன வயதில் எனக்குச் சொன்ன கதைகளை எல்லாம் போனில் பதிவு செய்து அனுப்புங்கள் அப்பா, குட்டிக்குப் போட்டுக் காட்டினால் எனக்கும் அரை மணி நேரம் கிடைக்கும்" என்று. சரிம்மா என்றுதான் சொன்னேன். அன்று இரவே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு, முயல் சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகும் கதையை ஆரம்பித்தேன். பதினோரு நிமிடம் ஓடியது. போட்டுப் பார்த்தால், சிங்கம் கிணற்றை எட்டிப் பார்க்கும் இடத்தில் சட்டென்று நிறுத்தியிருக்கிறேன். நான்கைந்து விநாடி ஒரு சத்தமும் இல்லை. ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே முதலில் புரியவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது: அந்த இடத்தில் நீ வழக்கமாக எதையாவது கேட்பாய். "சிங்கத்துக்கு நீச்சல் தெரியாதாப்பா?" என்று ஒரு நாள். "முயலோட முகமும் தண்ணியிலே தெரியுமே, சிங்கத்துக்கு அது ஏன் புரியலே?" என்று இன்னொரு நாள். இந்த இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடம் ஆகியும் என் வாய் உனக்காக அந்த இடத்தில் நின்றிருக்கிறது.

அந்தப் பதிவை நான் அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் நிறைய இருக்கிறது. 2003-இல் பாட்ரிசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்தது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் சீனம் பேசுகிறவர்கள் உட்கார்ந்து, புத்தகம் படித்துக் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். நான்கு வாரத்தில் 12 முறை, ஒவ்வொரு முறையும் 25 நிமிடம், அவ்வளவுதான். அதற்கே அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத மாண்டரின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்துவிட்டார்கள், கிட்டத்தட்ட அந்த மொழியிலேயே வளரும் குழந்தைகளைப் போல. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்களையும் அதே புத்தகங்களையும் பொம்மைகளையும் திரையில் காட்டினார்கள். நேரமும் அதே அளவுதான். அவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. மாண்டரினையே கேட்காத குழந்தைகள் எப்படியோ, அப்படியே இருந்தார்கள். காதில் விழுந்தாலே போதும் என்றால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி கற்றிருக்க வேண்டுமே.

"அப்படியானால் வீடியோ காலும் வீண்தானே?" என்று கேட்பாய். எனக்கும் அந்தக் கவலை வந்தது. அதையும் சோதித்திருக்கிறார்கள். நம் குட்டி வயதுப் பிள்ளைகள், 24 முதல் 30 மாதம். சிலருக்கு ஒரு ஆள் நேரில் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார். சிலருக்கு வீடியோ காலில். மூன்றாவது கூட்டத்துக்கு, இன்னொரு குழந்தையோடு நடந்த வீடியோ காலின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். நேரில் கேட்டவர்களும் வீடியோ காலில் கேட்டவர்களும் சொற்களைக் கற்றார்கள். பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. அந்தப் பதிவிலும் ஆள் சிரிக்கிறார், கேள்வி கேட்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். ஆனால் எல்லாம் வேறொரு குழந்தைக்காக. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்துவிடுகிறது பார்! இது 2014-இல் வந்த ஆய்வு. படித்ததும் எனக்கு என் பதினோரு நிமிடம்தான் ஞாபகம் வந்தது. குட்டி சிரிப்பதற்கு முன்பே சிரித்து, அவள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு தாத்தா.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்றும் கேட்கலாம். முப்பத்தொரு வருடம் வாத்தியார் வேலை பார்த்தேன். என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவன். கேள்வி கேட்பேன், கண் மூடித் திறப்பதற்குள் "ம், அடுத்தவன்" என்பேன். மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களிலேயே வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்து பார்த்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதானாம். அதையே மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, "தெரியாது" குறைந்தது, வழக்கமாக வாயைத் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. கூடுதலாக இரண்டே விநாடி. அதைக் கூடக் கொடுக்காமல், எத்தனை பிள்ளைகளை மக்கு என்று முடிவு கட்டினேனோ தெரியவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டிய பாக்கி ஒன்றும் இருக்கிறது. உனக்கு ஐந்து வயது இருக்கும். படத்துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டு ஒன்று வைத்திருந்தாய். தரையில் குந்திக்கொண்டு, "இது மூலை... மூலை இங்கே... இல்லே இல்லே, திருப்பு, திருப்பு" என்று உனக்குள் முணுமுணுத்துக்கொண்டே செய்வாய். நான், "வாயால செய்யாதே, கையால செய்" என்று அதட்டுவேன். ஒரு முறை இல்லை, பல முறை. நீ வாயை மூடிக்கொள்வாய். கொஞ்ச நேரத்தில் துண்டுகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாய். பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்வேன்.

வைகாட்ஸ்கி என்று ஓர் உளவியல் அறிஞர். பயிற்சிக் கல்லூரியில் அவர் பெயரைப் படித்து, தேர்வு எழுதி, மறந்தும் போயிருந்தேன். 1896-இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்தவர், காசநோயால் 37 வயதிலேயே போய்விட்டார். அதே 1896-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த இன்னோர் உளவியல் அறிஞர் பியாஜே. பிள்ளைகள் இப்படித் தமக்குத்தாமே பேசுவதைப் பியாஜேயும் கவனித்திருந்தார். அடுத்தவர் நோக்கிலிருந்து பார்க்கத் தெரியாத வயதின் பேச்சு, வளர வளர உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. வைகாட்ஸ்கி ஒப்பவில்லை. அந்தப் பேச்சு எங்கும் போவதில்லை, உள்ளே இறங்கிச் சிந்தனையாகிறது என்றார். முதலில் இரண்டு பேருக்கு நடுவில் நடப்பதுதான் பிறகு ஒருவர் மனதுக்குள் நடக்கிறது என்பது அவர் வாதம். வேலை கடினமாக ஆக ஆக, பிள்ளைகள் அப்படி முணுமுணுப்பதும் அதிகமாகிறது என்று காட்டினார்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் "திருப்பு" உன்னுடைய சொல் இல்லையம்மா, என்னுடையது. அந்த விளையாட்டை வாங்கி வந்த புதிதில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "பொருந்தலையா? திருப்பிப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். பக்கத்தில் நான் இல்லாதபோது என் குரலைக் கடன் வாங்கி நீயே உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். கற்றல் என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. வாத்தியாரான நான் அதை வாயை மூடச் சொல்லியிருக்கிறேன்.

குட்டி இப்படி முணுமுணுக்க ஆரம்பிக்கும்போது விட்டுவிடு. முடிந்தால் காது கொடுத்துக் கேள், யார் யார் குரல் உள்ளே இருக்கிறது என்று தெரியும்.

அவளுக்கு எதில் எவ்வளவு உதவலாம் என்று நீ கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்கக் கற்றுக்கொடுக்கும் விதத்தை ஆராய்ந்து, அந்த உதவிக்குச் சாரம் என்று பெயர் வைத்தார்கள். கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம்தான். தடுமாறினால் கொஞ்சம் கூடுதலாகக் கைகொடு, பிடிபட்டதும் கையை எடு. கை எடுப்பதுதான் கஷ்டம். நாம் செய்தால் சீக்கிரம் முடியுமே என்று கை பரபரக்கும்.

மற்றப் பிள்ளைகளோடு விட்டால் சண்டை வருகிறது என்று யோசிக்கிறாய். வரட்டுமே. பெரியவர்கள் நாம் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிடுவோம், அவள் பாதி சொன்னதும் மீதியைப் புரிந்துகொள்வோம். இன்னொரு பிள்ளை அப்படிச் செய்யாது. அதனிடம் முழுதாகச் சொல்ல வேண்டும், அது மறுத்தால் காரணம் தேட வேண்டும். தன் கண்ணை விட்டு அடுத்தவர் கண்ணால் பார்க்கப் பழகுவது சமவயதுப் பிள்ளைகளோடு முட்டி மோதுவதில்தான் என்று பியாஜேயே சொல்லியிருக்கிறார், அவரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நீ தம்பிக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சின்ன முள் ஏன் இரண்டு எண்ணுக்கு நடுவில் நிற்கிறது என்று அவன் கேட்ட பிறகுதான் உனக்கே அது சரியாகப் பிடிபட்டது. நான் மூன்று முறை சொல்லியும் ஏறாதது.

இன்னொன்று. உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை; செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு உனக்கு "ம்" கொட்டியவன் நான். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாய்மார்களை அவரவர் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு புதிய சொற்களைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லின் நடுவில் மட்டும் தாய்க்குப் போன் வரும்படி ஏற்பாடு. இரண்டு சொல்லையும் பிள்ளை கேட்டது ஒரே எண்ணிக்கைதான். போன் குறுக்கிட்ட சொல் மட்டும் ஏறவில்லை. நாள் முழுக்கப் போனைத் தொடாதே என்று சொல்ல நான் யார், உன் பிழைப்பே அதில்தான். நாளில் ஒரு கால் மணி நேரம் மட்டும் அதை வேறு அறையில் வைத்துப் பார்.

சரி, உன் அரை மணி நேரத்துக்கு வருகிறேன். அது உனக்கு வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பதிவுக்குப் பதில் தினமும் சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன். முதல் சில நாள் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து, நான் காட்டுவதை அவளுக்குச் சுட்டிக்காட்டினால் போதும். போனை அவள் முகம் எனக்கு முழுதாகத் தெரிகிற மாதிரி வை, உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு என்னால் கதை சொல்ல முடியாது. பாதியில் எழுந்து ஓடினால் பிடித்து இழுத்துவராதே. என்ன பொம்மையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறாள் என்று பார்த்து, அதையும் கதைக்குள் விட்டுவிடுகிறேன்.

கிணற்றடி வந்ததும் நான் நிறுத்துவேன். லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் விரலைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்காதே. அப்புறம் அந்த முயல் முகத்தைப் பற்றி மட்டும் அவளிடம் மூச்சு விடாதே.

அன்புடன்,
அப்பா