வேலூர்க் கோட்டையைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே, வணக்கம்.

வேலூர்க் கோட்டைக்கு வருகிறவர்கள் அகழியைப் பார்த்து, ஜலகண்டேசுவரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே மதில்களுக்குள் சிறையும் படைவீடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த கதையை அவர்கள் நடந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே கொண்டுவந்து மகால்களில் வைத்தார்கள். சுற்றிலும் அகழி, கருங்கல் மதில், உள்ளேயே படை. வேறு காவல் எதற்கு? ஆனால் காவலுக்கு நின்ற சிப்பாயும் இந்த மண்ணின் பிள்ளைதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

புதிய தலைப்பாகையும், சமயக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன. 1806 ஜூலை 10, விடிவதற்கு வெகுநேரம் முன்பே துப்பாக்கிகள் வெடித்தன. சுமார் 1,500 சிப்பாய்கள் இருந்த கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. சில மணி நேரத்தில் ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தது. மகாலுக்குள் ஓடி ஒளிந்த சிப்பாய்களில் ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். காவல் காத்தவர்கள் கைதிகளின் வீட்டில்தான் கடைசியாக அடைக்கலம் தேடினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இளவரசர்களைச் சிப்பாய்களிடமிருந்து பிரித்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பாடம் படித்தார்கள் என்று நினைப்போம். பத்தே ஆண்டுகளில், 1816-இல், இலங்கையிலுள்ள கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை இதே கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832-இல் சாகும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவர் நினைவாக நிற்கிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. மகால்களின் அருகே ஒரு வரைபடப் பலகை வையுங்கள். சிப்பாய்கள் எங்கே தங்கினார்கள், இளவரசர்கள் எங்கே, இரண்டுக்கும் எத்தனை அடி தொலைவு என்று அதில் காட்டுங்கள். தமிழோடு கன்னடத்திலும் சிங்களத்திலும் எழுதுங்கள். இது அவர்களுடைய கதையும்கூட. அந்த நூறு பேர் சுடப்பட்ட இடத்தை ஆவணங்களைக் கொண்டு உறுதிசெய்ய முடிந்தால், அங்கே தனியாக ஒரு கல் நட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேலூர்க்காரன் ஒருவன்