கடவுச்சொல் சரி, திரை மட்டும் வரவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் எங்களிடம் தின் கிளையண்ட் (சர்வரை நம்பி இயங்கும் சிறு கணினிப் பெட்டி) வாங்கியவர்களில் பலர், "பெட்டி போய்விட்டது, மாற்றித் தாருங்கள்" என்று அழைக்கிறீர்கள். வந்து பார்த்தால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. கடவுச்சொல் கொடுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் பெயர் கேட்கும் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. இல்லையென்றால் வெறுந்திரையில் சுட்டி மட்டும் நகர்கிறது. இதற்குப் போய் பெட்ரோல் செலவும் கூலியும் உங்கள் தலையில் கட்ட எங்களுக்கு மனமில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்தப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. விசையை அழுத்தியதும் கேபிள் வழியாகச் சர்வர் என்ற பொதுக் கணினியிடமிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை வாங்கிக்கொண்டு எழுகிறது. பெயர் கேட்கும் பக்கம் வந்துவிட்டால் கேபிள், சுவிட்ச், சர்வர் மூன்றும் பேசிக்கொள்கின்றன என்று பொருள். அதற்குப் பிறகு நடப்பவை பெரும்பாலும் அந்தப் பயனரின் கணக்கைச் சேர்ந்தவை. ஆகவே முதலில் அதே பெட்டியில் வேறொருவர் பெயரில் நுழைந்து பாருங்கள். அவருக்குத் திரை வந்தால் பெட்டி மீது பழி இல்லை. பிறகு சிக்கல் உள்ளவரை அடுத்த மேசைக்கு அனுப்புங்கள். அங்கும் அவருக்குத் திரை வராவிட்டால், அவருடைய தொடக்க ஸ்கிரிப்டைத்தான் (நுழைந்தவுடன் தானே ஓடும் கட்டளைக் கோப்பை) பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பயனரின் கோப்புறையிலும் புள்ளியில் தொடங்கும் பெயருடன் சில மறைந்த கோப்புகள் உண்டு. புரொஃபைல், பாஷ்ஆர்சி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நுழைந்தவுடன் கணினி அவற்றில் எழுதியிருப்பதை மேலிருந்து கீழாக, வரி வரியாகச் செய்யும். தோட்டத்துக் காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசை) மாதிரிதான்: முன்னால் நிற்பவர் கணக்கெடுக்கும் கிராணியாரோடு வாக்குவாதம் தொடங்கிவிட்டால் பின்னால் நிற்பவர்கள் யாரும் காட்டுக்குப் போக முடியாது.

ஒரு தோட்ட அலுவலகத்தில் நடந்தது இதுவே. சம்பளப் பட்டியல் இருக்கும் பகிர்வுக் கோப்புறையை நுழைந்தவுடனே இணைத்துக்கொள்ளும்படி புரொஃபைலில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கோப்புறை இருந்தது வேறொரு கணினியில். பிற்பகல் இடி மின்னலுக்குப் பயந்து அதன் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போனவர்கள் மறுநாள் காலையில் மாட்ட மறந்துவிட்டார்கள். வராத கணினிக்காக அந்த வரி காத்துக்கொண்டே இருக்க, அலுவலகம் முழுவதும் வெறுந்திரை. வரியின் கடைசியில் '&' குறியைப் போட்டால் அந்த வேலை பின்னணிக்குப் போய்விடும்; மற்றவை காத்திருக்க வேண்டியதில்லை. பகிர்வு கிடைக்காவிட்டாலும் திரையாவது வரும்.

திரை கறுத்துத் திரும்பும் வகைக்குக் காரணம் வேறு. புரொஃபைல் கோப்பில் 'எக்ஸிட்' என்ற சொல் ஓடினால் நுழைவே அங்கு முடிந்துவிடும். இணையத்தில் கண்ட ஸ்கிரிப்டை முழுதாக ஒட்டுபவர்களுக்கு இது வழக்கமாக நேர்வது. அப்படி ஒட்டியது பாஷ் என்ற கட்டளை மொழியில் எழுதியதாகவும் இருக்கலாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 2006ஆம் ஆண்டின் 6.10 பதிப்பிலிருந்து, 'எஸ்ஹெச்' (கட்டளைகளை ஓட்டும் ஷெல் நிரலின் பொதுப்பெயர்) என்று அழைத்தால் வருவது பாஷ் அல்ல, டாஷ் என்ற வேறொரு ஷெல். இரட்டைச் சதுர அடைப்புக்குறி போன்ற பாஷ் வழக்குகள் அதற்குப் புரியாது. டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஓடிய ஸ்கிரிப்ட் நுழையும்போது மட்டும் ஏன் முறைக்கிறது என்று கேட்பவர்கள் இதைக் கவனியுங்கள். விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்திருந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கலாம். 'டாஸ்-டூ-யூனிக்ஸ்' என்ற சிறு கருவி அதைத் துடைத்துவிடும்.

இன்னொன்று: எழுதிய வரி ஓடவே இல்லை என்றால், பாஷ்-புரொஃபைல் என்ற கோப்பைப் புதிதாக யாராவது உருவாக்கினார்களா என்று பாருங்கள். அது இருந்தால் பாஷ் ஷெல் புரொஃபைலைத் திரும்பியும் பார்க்காது.

பள்ளிகளுக்குத் தனியாக ஒரு சொல். சர்வரிலிருந்து இந்தப் பெட்டிகளை எழுப்பும் மென்பொருளான எல்டிஎஸ்பி 2019இல் அடியோடு புதிதாக எழுதப்பட்டது. உங்களில் சிலரிடம் பழையது, சிலரிடம் புதியது. வழக்கமான பழைய அமைப்பில் மாணவர் திறக்கும் நிரலெல்லாம் சர்வரில்தான் ஓடும். முப்பது பேர் ஒரே நேரத்தில் நுழைய, ஒவ்வொருவரின் ஆட்டோஸ்டார்ட் (நுழைந்தவுடன் தானே திறக்கும் நிரல்களின்) கோப்புறையிலும் ஒரு கனத்த நிரல் இருந்தால் சர்வர் முப்பது சுமையையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். அதைக் கழற்றிவிடுங்கள். புதியதில் நிரல்கள் பெட்டியிலேயே ஓடும். பயனரின் கோப்புறை மட்டும் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகச் சர்வரிலிருந்து வரும். அங்கே பாஷ்ஆர்சியின் முதல் வரியில் "வணக்கம்" என்று அச்சிடச் சொல்லி வைத்தால் அந்த இணைப்பே அறுந்துபோகலாம். கோப்பு வர வேண்டிய குழாயில் வாழ்த்து வந்து நிற்கிறது! வாழ்த்தைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

திருத்தும் வழி சுலபம். சர்வரில் நிர்வாகியாக நுழைந்து, அந்தப் பயனரின் கோப்புறையைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு எச் அழுத்தினால் மறைந்த கோப்புகள் தெரியும். புரொஃபைலின் பெயரோடு 'பழையது' என்று சேர்த்துவிட்டு மறுபடி நுழையச் சொல்லுங்கள். அழிக்க வேண்டாம். திரை வந்துவிட்டால் குற்றவாளி அந்தக் கோப்புதான். வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் எந்த வரி என்பதும் தெரிந்துவிடும். வராவிட்டால் சர்வர் வட்டு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத இடமில்லாவிட்டாலும் இதே போலத் திருப்பி அனுப்பும்.

இத்தனைக்கும் பிறகு எங்களை அழைப்பதானால், அதே கோப்புறையில் இருக்கும் 'எக்ஸ்செஷன்-எரர்ஸ்' கோப்பின் கடைசிச் சில வரிகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்த மேசை, எந்தப் பயனர், கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்பதையும் எழுதுங்கள். பாதி வேலை தொலைபேசியிலேயே முடிந்துவிடும். நாங்கள் பதில் சொல்லும்வரை சர்வரின் பவரை மட்டும் அணைக்காதீர்கள். மற்றவர்கள் திறந்து வைத்திருக்கும் வேலையும் அதோடு போய்விடும்.

அன்புடன்,
கடை நிர்வாகம்,
சுங்கை சிப்புட், பேராக்