ஆடு வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிரு மச்சான்

மச்சான்,

நல்லா இருக்கியா, தங்கச்சி, பிள்ளைங்க எல்லாம் சுகமா? இங்க ஜோகூர் குளுவாங்ல நாங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்ல, ஆனாலும் காலையில பசியாறுனதும் கொட்டகை பக்கம் ஒரு நடை போய் எட்டிப் பாக்காம இருக்க மாட்டாங்க. பெரியவன் சிங்கப்பூர்லதான் இருக்கான், லீவு கெடைச்சா வந்துருவான். சின்னவ பாலர் பள்ளியில டீச்சர் வேலை பாத்துகிட்டே என்கூட ஆட்டையும் பாக்குறா, உண்மையா சொன்னா இப்ப என்னைய விட அவளுக்குத்தான் ஆட்டப் பத்தி அதிகம் தெரியும்.

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். வர்ற வருஷம் 60 ஆகுது, பேக்டரி வேலை முடிஞ்சதும் இபிஎஃப் சேமிப்புக் காச எடுத்து பந்திங் பக்கம் நெலம் பிடிச்சு செம்மறி ஆடு வளக்கலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்றன்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதி விட்டுப் போயிரும், அதான் உக்காந்து எழுதுறேன்.

வளக்கலாம் மச்சான். நான் வேணாம்னு சொல்லவே மாட்டேன். ஆனா மொத்தக் காசையும் அதுல போடாத. பத்து பெட்டை, ஒரு கிடா, அவ்வளவுதான், ஒரு மழைக்காலம் முழுசா அதுங்களோட இருந்து பாரு, அப்புறம் கூட்டலாம். நீ வீடியோல பாத்த சுத்தமான டோர்ப்பர் பத்தி கேட்டல்ல, கருப்புத் தலை, வெள்ளை ஒடம்பு, பாக்க அழகாத்தான் இருக்கும், நல்ல கறி நிக்கும், ஆனா அது 1930கள்ல தென்னாப்பிரிக்காவுல வறண்ட பூமிக்குன்னு டோர்செட் ஹார்னையும் பாரசீக ஆட்டையும் சேத்து உண்டாக்குன சாதி. நம்ம மலேசியாவுல சாயங்காலமானா மழை, காலையில பனி, எந்நேரமும் ஈரம். இங்க செம்மறி ஆட்ட கொல்லுறது பசி இல்ல மச்சான், புலி இல்ல, அந்த ஈரத்துல வர்ற புழுதான். இத மட்டும் நீ மனசுல வாங்கிக்கிட்டா மத்ததெல்லாம் தன்னால புரிஞ்சிரும்.

வயித்துல ரத்தம் குடிக்கிற புழு ஒன்னு இருக்கு, ஹீமோங்கஸ்னு பேரு, ஒரு பொட்டைப் புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல முட்டை போடும், அது புழுக்கையோட தரையில விழுந்து நம்ம சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஒரு வாரம் கூட ஆகாது, குஞ்சுப் புழுவாகி ஈரப்புல்லு மேல ஏறி நிக்கும், ஆடு அந்தப் புல்ல மேஞ்சா மறுபடி உள்ள போயிரும். அதனாலதான் எங்க கொட்டகைய தரையில கட்டாம கால் நட்டு ஒசத்திப் பலகை அடிச்சிருக்கோம், பலகைக்கு நடுவுல வெரல் போற அளவு சந்து விட்டா புழுக்கை கீழ விழுந்துரும், ஆடு அதுல படுக்காது, மிதிக்காது. காலையில பனி காஞ்ச பெறகுதான் தொறந்து விடுவோம், ஒம்பது ஒம்பதரை ஆகிரும், பசியில கத்தும், கத்தட்டும்னு விட்ரணும். நெலத்த கம்பி போட்டு சின்னச் சின்னதா பிரிச்சு ஒரு பக்கம் மூனு நாலு நாள் மேய விட்டு அடுத்ததுக்கு மாத்துவோம், மறுபடி அந்தப் பக்கம் திரும்பி வர ஒரு மாசத்துக்கு மேல ஆகணும், அதுக்குள்ள ஆடு கெடைக்காம குஞ்சுப் புழுவுல பெரும்பாலும் செத்துரும். மருந்து இருக்கேன்னு நெனைப்ப. இருக்கு. ஆனா எல்லா ஆட்டுக்கும் மாசாமாசம் ஊத்துனா புழுவுக்கு மருந்து பழகிப் போயிரும், அதுக்கப்புறம் எத ஊத்தினாலும் சாகாது. நம்ம நாட்டுப் பண்ணைங்கள்ல இது நெறைய நடந்திருக்கு.

அதுக்குத்தான் கண்ணு பாக்குறது. சின்னவ சொல்லிக் குடுத்து நானும் பழகிட்டேன். ஆட்ட ரெண்டு தொடைக்கு நடுவுல இடுக்கிகிட்டு மேல் இமைய கட்டைவெரலால அமுக்கி கீழ் இமைய இழுத்தா உள்சதை தெரியும். நல்ல செவப்பா இருந்தா விட்ரு. வெளுத்துகிட்டு வந்தா அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. தென்னாப்பிரிக்காக்காரங்க இதுக்கு ஃபமாச்சான்னு ஒரு அட்டை போட்டிருக்காங்க, செவப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் அஞ்சு கலர், இமைக்குப் பக்கத்துல வச்சு ஒத்துப் பாக்கணும், வெயில் வெளிச்சத்துல பாக்கணும், லைட்டுல பாத்தா ஏமாத்திரும். தாடைக்கு அடியில நீர் கோத்து தொங்குச்சுன்னா ஏற்கனவே லேட்டு. இந்த வேலைய காசு குடுத்து ஆள் வச்சு செய்ய முடியாது மச்சான், நம்ம ஆடுன்னு நெனைக்கிற கையிதான் அத ஒழுங்கா செய்யும். அதனாலதான் நீ கிள்ளான்ல இருந்துகிட்டு பந்திங்ல ஆள் போட்டு பாத்துக்கறேன்னு சொன்னது எனக்குப் பிடிக்கல. நீயும் தங்கச்சியும் அங்க போய் இருக்கறதா இருந்தா செய், இல்லன்னா வேணாம்.

பெட்டைக்கு நான் சொல்றது மாலின் கலப்பு, இல்லன்னா பார்படோஸ் பிளாக்பெல்லி கலப்பு. மாலின் நம்ம நாட்டு ஆடு, சின்ன ஒடம்புதான், ஆனா இந்த ஈரத்துல பொறந்து வளந்த சாதி. பிளாக்பெல்லி வயிறு கருப்பா இருக்கும், கம்பளி கெடையாது, ரெட்டைக் குட்டி போடும், புழுவையும் ஓரளவு தாங்கும். கிடா மட்டும் டோர்ப்பரா வச்சுக்க, குட்டிக்கு ஒடம்பு வரும். ஞாபகம் இருக்கா, எண்பதுகள்ல நம்ம தோட்டத்துல பால்மரத்துக்கு அடியில செம்மறி விட்டாங்களே, ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் களை வெட்டுற செலவு கொறையும்னு சொல்லி பல தோட்டத்துலயும் அப்படி ஆடு வந்துச்சு, டோர்செட் ஹார்ன் கிடாவும் மாலின் பெட்டையும் சேத்த கலப்பு, நாம ஸ்கூல் விட்டு வந்து, காலையில ஆளுங்கள கூட்டிப் பேர் கூப்புடுற பிரட்டுக்களத்துக்குப் பின்னாடி நின்னு பாப்போம். அன்னைக்கே எனக்கு ஆசை வந்துருச்சுன்னு நெனைக்கிறேன். இப்ப அந்தப் பால்மரமும் இல்ல, தொழிலாளிங்க இருந்த லயமும் இல்ல, எல்லாம் எண்ணெய் எடுக்குற செம்பனை. கோயில் மட்டும் இருக்கு.

நம்ம அப்பா காலத்துல லயத்துக்குப் பின்னாடி மாடு கட்டினாங்க, ஆனா நெலம் தோட்டத்தோடது, துரை சொன்னா அவுத்துகிட்டுப் போகணும். அப்பா கடைசியில சேத்த காசுல இந்த மூனு ஏக்கர வாங்கிப் போட்டாரு பாரு, அதுதான் எங்கள இந்த ஊர்லயே நிக்க வச்சிருக்கு. நான் அதுல பாதி நேப்பியர் புல்லு போட்டிருக்கேன், மீதி மேய்ச்சல். பக்கத்து செம்பனைத் தோட்டத்துலயும் மேய விட மேனேஜர் சம்மதிச்சிருக்காரு, ஆடு ரும்புட் இஸ்ரேல நல்லா திங்கும், அது அவங்களுக்குப் பெரிய தொல்லை குடுக்குற களை, ரெண்டு பேருக்கும் லாபம். வெள்ளாடுன்னா விட மாட்டாங்க, அது மட்டை, பட்டை எல்லாத்தையும் கடிக்கும், செம்மறி தலைய குனிஞ்சு தரைப் புல்லத்தான் பாக்கும். ஆனா புதுசா நட்ட கன்னுக்குள்ள செம்மறியும் போகக் கூடாது, மட்டை எட்டாத ஒசரம் வரணும். மரம் பெருசாகி மேல மூடிட்டா கீழ வெளிச்சம் இல்லாம புல்லே கொறைஞ்சு போயிரும், அதனால தோட்டத்த நம்பி மட்டும் ஆடு கூட்டக் கூடாது. இன்னொன்னு மருந்தடிப்பு. பாராகுவாட்ட 2020ல தடை பண்ணிட்டாங்க, ஆனா வேற மருந்து அடிச்சுகிட்டுத்தான் இருக்காங்க. கங்காணி வேலை பாக்குற மண்டோர் அடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு வாட்சப் போட்ருவாரு, அந்தப் பக்கமே நான் போக மாட்டேன். நீ எங்க எடம் பிடிச்சாலும் முதல்ல பக்கத்துத் தோட்டத்து மண்டோர்கிட்ட பழகிக்க.

தீனி விஷயத்துல ரெண்டு விஷயம் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். பிகேசின்னு செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு எல்லா எடத்துலயும் சல்லிசா கெடைக்கும், மாட்டுக்கு நல்லது, ஆனா அதுல செம்புச் சத்து இருக்கு, செம்மறி ஆடு அத வெளியேத்தாம ஈரல்ல சேத்து சேத்து வச்சுக்கும். மாசக்கணக்குல கொழுகொழுன்னு இருக்கும், ஒருநாள் திடீர்னு கண்ணெல்லாம் மஞ்சளாகி ஒன்னுக்கு கோப்பி கலர்ல போகும், ரெண்டொரு நாள்ல செத்துரும். நம்ம நாட்டு ஆராய்ச்சிக்காரங்களே இத நல்லா எழுதி வச்சிருக்காங்க, துத்தநாகமோ மாலிப்டினமோ கலந்து குடுத்தா தடுக்கலாம்னு. நான் பிகேசி கொஞ்சமாத்தான் குடுக்கறேன், புல்லுதான் முக்கியத் தீனி. மாட்டுக்கு விக்கிற உப்புக்கட்டியும் வாங்கிறாத, அதுலயும் செம்பு போட்டிருப்பாங்க. அடுத்தது சிக்னல் கிராஸ்ங்கிற புல்லு, மேய்ச்சலுக்குன்னு நெறைய எடத்துல போட்டிருக்காங்க, மாடு ஓரளவு தாங்கும், செம்மறிக்கு அது ஈரல கெடுத்து, வெயில்ல நின்னா மூஞ்சி காதெல்லாம் வீங்கி தோலு உரிஞ்சிரும். நெலம் பாக்கப் போறப்ப என்ன புல்லு இருக்குன்னு கேளு.

இவ்வளவு பயமுறுத்துறேனேன்னு நெனைக்காத. போன மாசம் ஒரு ராத்திரி, மழை ஜிங்க் கூரையில கொட்டுது, சின்னவ டார்ச் லைட்டோட போய் பாத்துட்டு ஓடி வந்தா, அப்பா, நம்ம கருப்பி ஆடு தனியா நின்னு காலால பலகைய பொறாண்டுதுன்னு. அஞ்சு மாசம் சரியா முடியுற நேரம். போனோம். முதக்குட்டி தன்னால வந்துருச்சு, அம்மாக்காரி நக்க ஆரம்பிச்சிட்டா, ரெண்டாவது சின்னது, வந்து விழுந்துச்சு, அசைவே இல்ல. சின்னவ வாயில வெரல விட்டு சளிய வழிச்சு எடுத்து, துணியால நெஞ்ச தேய்ச்சு, ஒரு காஞ்ச லாலாங் புல்லுக் குச்சிய மூக்குக்குள்ள விட்டு லேசா குடைஞ்சா பாரு, பொசுக்குன்னு தும்மிச்சு மச்சான், தலைய ஆட்டிச்சு. தொப்புளுக்கு அயோடின் வச்சு அம்மாக்காரி மூக்குக்குக் கீழயே போட்டோம், அது தொண்டைக்குள்ளயே ம்ம்ம்ம்னு ஒரு சத்தம் போடும், குட்டிக்கிட்ட மட்டும் போடுற சத்தம், மத்த நேரம் நீ கேக்கவே முடியாது. அந்தச் சின்னதுக்கு காம்ப பிடிச்சு உறிஞ்ச தெம்பில்ல, வீட்டுக்காரி ப்ரீசர்ல எப்பவும் கொஞ்சம் சீம்பால் எடுத்து வச்சிருப்பா, வெதுவெதுப்பா சூடு பண்ணிக் குடுத்தோம். முதல் சில மணி நேரத்துக்குள்ள சீம்பால் போகலன்னா குட்டிக்கு நோய தாங்குற சக்தியே வராது. இப்ப அது மத்ததெல்லாத்தையும் தாண்டிக் குதிக்குது.

விக்கிறது பத்திக் கவலப்படாத, ஆனா நம்மாளுங்கள நம்பாத, தீபாவளிக்கு நம்ம சனத்துக்கு வெள்ளாடுதான் வேணும், கோயில் கிடா வெட்டுக்கும் வெள்ளாடுதான். செம்மறி வாங்குறவங்க பெரும்பாலும் மலாய்க்காரங்க. ஹஜ்ஜுப் பெருநாள் பலியான கொர்பானுக்கும், பிள்ளை பொறந்தா அக்கீக்காவுக்கும், பையன்னா ரெண்டு, பொண்ணுன்னா ஒன்னு. கொர்பான் ஆடு ஒரு வயசு முடிஞ்சிருக்கணும், இல்லன்னா முன்பல்லு மாறியிருக்கணும், நொண்டி, குருடு எதுவும் இருக்கக் கூடாது. பெருநாள் வருஷா வருஷம் பத்து பதினோரு நாள் முன்னாடி வந்துகிட்டே இருக்கும், சினைக்கு அஞ்சு மாசம், வளர ஒரு வருஷம், ஆக 17 மாசத்துக்கு முன்னாடியே கிடா சேத்திருக்கணும், காலண்டர கையில வச்சுகிட்டுத்தான் கிடாவ விடணும். நம்ம நாடு திங்கிற ஆட்டுக்கறியில உள்ளூர்ல விளையுறது ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வருது, அந்த ஐஸ் கறி விலையோட நாம போட்டி போட முடியாது. உசுரோட நல்ல ஆடு வேணும்னு தேடி வர்றவங்கதான் நமக்கு. புழுக்கைய மூட்டை கட்டி வச்சா காய்கறி போடுற சீனர் ஒருத்தர் லோரி எடுத்துகிட்டு வந்து ஏத்திகிட்டுப் போயிருவாரு, அது தனி வரும்படி.

நாய்த் தொல்லை, மலைப்பாம்பு, திருட்டு எல்லாம் உண்டு, நல்ல வேலி போட்டா பாதி கொறையும். வேற மாநிலத்துலேர்ந்து ஆடு ஏத்துறதுன்னா கால்நடை இலாகாகிட்ட பெர்மிட் எடுக்கணும், யாராவது அதெல்லாம் வேணாம் ராத்திரியோட ராத்திரியா அனுப்பிவிடறேன்னு சொன்னா வாங்காத, கோமாரி நோய் அப்படித்தான் வருது.

இப்ப இடிஎஸ் மின்சார ரயிலு குளுவாங்குக்கும் வருது, கேஎல் சென்ட்ரல்ல ஏறுனா நேரா இங்க வந்து எறங்கலாம், நான் ஸ்டேஷனுக்கு காடி எடுத்துகிட்டு வர்றேன், ஸ்டேஷன் கோப்பிக் கடையில பசியாறிட்டு வீட்டுக்குப் போவோம். வெயில் காலத்துல வராத, நவம்பர் டிசம்பர் மழையில வா, ஒரு வாரம் தங்கு, தங்கச்சியையும் கூட்டிகிட்டு வா. அதுக்குள்ள நீ பாத்து வச்சிருக்கிற நெலத்த மழை பெஞ்ச மறுநாள் போய் போட்டோ எடுத்து அனுப்பு, தண்ணி எங்க நிக்குது, எவ்வளவு நேரத்துல வடியுதுன்னு எனக்குத் தெரியணும். 2023 மார்ச் வெள்ளத்துல இங்க தாழ்வா இருந்த எடமெல்லாம் என்ன ஆச்சுன்னு நான் பாத்திருக்கேன். போட்டோ பாத்துட்டு கூப்புடறேன், அதுவரைக்கும் யாருக்கும் முன்பணம் குடுத்துறாத.

உன் கூட்டாளி