ஆடிக்காற்றில் கைகொடுத்தவர்களுக்கு நன்றியும் ஒரு திருத்தமும்

கடலூர் முதுநகரிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரைச் சாலையிலேயே சைக்கிளில் போய், ரயிலில் ஊர் திரும்பிப் பதினைந்து நாள் ஆகிறது. வந்த மறுநாள் எங்கள் தெருமுனையில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். ‘600 கிலோமீட்டர் முழுவதும் தனியாகவே மிதித்துச் சாதனை’ என்று என் படத்தோடு போட்டிருந்தது. சால்வை போர்த்தியபோது நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. நன்றி சொல்லும் சாக்கில் அதையும் திருத்திவிடுகிறேன்.

முதல் நன்றி மஞ்சக்குப்பத்து சைக்கிள் கடை அண்ணனுக்கு. “தையில் போனால் வாடைக்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும், ஆடியில் போனால் நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும், போகாதேம்மா” என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். ஆனால் நான் தையல்காரி. தையில் முகூர்த்தங்கள் வரிசைகட்டும், ரவிக்கைத் துணி மலையாகக் குவியும். ஆடியில்தான் கல்யாணம் இல்லை, எனக்கும் ஓய்வு. போதாக்குறைக்கு, 2011 டிசம்பரில் தானே புயலையே பார்த்த ஊர்க்காரி, காற்று எனக்குப் புதிதா என்று ஒரு வாய்ப்பேச்சு. இருபது வருடம் தையல் இயந்திரம் மிதித்த கால் என்ற திமிர் வேறு. நீங்கள் அதற்குமேல் பேசாமல் பின்சக்கரத்துக் கோட்டத்தை எடுத்து, பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொடுத்து அனுப்பினீர்கள். சொல்யூஷனைத் தடவிய கையோடு ஒட்டாதே, காயவிட்டு ஒட்டு என்றீர்களே, இராமநாதபுரம் மாவட்டத்துச் சீமைக்கருவேல முள்ளுக்கு அந்தப் பாடம் ஐந்து தடவை பயன்பட்டது.

நாகப்பட்டினம் வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காற்று விலாவில் இடித்துக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். முத்துப்பேட்டைப் பக்கம் சாலை மேற்கே திரும்பியதும் அது முகத்துக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மேடு கிடையாது. நானோ மலையேறுவதற்கென்று வைத்திருக்கும் கடைசி கியரில் முக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் இயற்பியல் படிக்கும் பெண் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினாள். நான் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன், எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் என்மேல் மோதுவது 40. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், காற்றே இல்லாத நாளில் இருப்பதைப்போல் பதினாறு மடங்கு தடை. போவதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்கலாம், பாப்பா. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

வழியில் ஓர் ஊரில் ஒரு விடுதி, என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தனியாக வரும் பெண்ணுக்கு அறை தருவதில்லை என்றது. அன்று இரவு கடைக்குள்ளேயே பாய்போட்டுப் படுக்கவைத்த இட்லிக் கடை அக்காவுக்கு நன்றி. விடுதிக்காரருக்கு ஒன்றுமில்லை.

வாலிநோக்கம் உப்பளத்துப் பெரியவரே, உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். வரப்போரம் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கேரியரில் படபடத்த என் மழைக்கோட்டைப் பார்த்து, “பாய்மரம் கட்டிக்கொண்டா போகிறாய், தாயி?” என்று கேட்டீர்கள். துணியோடு பிழைப்பவள் நான், எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் இறுக்கிச் சுருட்டித் தைத்துக்கொண்டேன். இது கச்சான் காற்று, இதோடு மல்லுக்கு நிற்காதே, நாலு மணிக்குக் கிளம்பு, பத்து மணிக்கு நிழல் தேடு என்றீர்கள். பாத்தித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்வரை மிதி, சிலிர்த்தால் இறங்கிவிடு என்றீர்கள். மண் சூடேறினால்தான் மேலே ஓடும் வேகக்காற்று கலங்கித் தரைக்கு இறங்கும், விடிகாலையில் அது உயரத்திலேயே போய்விடும் என்று இயற்பியல்காரி இப்போது விளக்குகிறாள். நீங்கள் பாத்தியைப் பார்த்தே சொல்லிவிட்டீர்கள்.

அப்படிச் சொல்லியும் மறுநாளே அசந்து தூங்கி எட்டரைக்குத்தான் கிளம்பினேன். சாயல்குடியைத் தாண்டியபோது உச்சிவெயில். இருபுறமும் பனையும் பொட்டலும். வலப்பக்கக் காற்றின்மேல் சாய்ந்தபடிதான் சைக்கிள் நிமிர்ந்து ஓடியது. எதிரே ஒரு லாரி கடந்தது. அந்த நொடியில் காற்று அறுந்துவிட, சாய்ந்திருந்த நான் அந்தப் பக்கமே சரிந்தேன். லாரி போனதும் அறுந்த காற்று திரும்பி வந்து அறைந்து இடப்பக்க மணலில் தள்ளியது. முழங்கால் சிராய்ப்பு சின்னதுதான். ஏறி உட்காரத்தான் முடியவில்லை. மூன்று முறை ஏறினேன், மூன்று முறையும் காற்று இறக்கிவிட்டது. அழுதேன். பனைமரங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு குட்டியானை வண்டி நின்றிருந்தது. அதன் தார்ப்பாய் ஓரம் கிழிந்து சாட்டைபோல் அடித்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் தம்பி அதைப் பிடித்துக் கட்டப் போராடிக்கொண்டிருந்தார். என்னிடம் கோணி ஊசியும் நைலான் நூலும் இருந்தன. ஓர் ஓரத்தைத் தைத்து முடிக்க அரைமணி நேரம். பிறகு அவர் ஒரு வார்த்தை கேட்காமல் என் சைக்கிளைத் தூக்கி உப்புச் சாக்குகளின்மேல் போட்டார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேம்பாரில் இறங்கிக்கொண்டேன். என் சைக்கிள் மீட்டரில் அந்தத் தூரம் ஏறவில்லை. பேனரில் ஏறிவிட்டது.

திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காட்டுச் செம்மண் செயினுக்குள் புகுந்து நறநறவென்றது. திசையன்விளையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் தந்துவிட்டுக் காசு வாங்க மறுத்த மெக்கானிக் அண்ணாச்சிக்கும் நன்றி. அங்கிருந்து காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். இந்தக் காற்றால் யாருக்கோ மின்சாரமாவது கிடைக்கிறதே என்று அப்போதுதான் கோபம் கொஞ்சம் ஆறியது.

பேனரைக் கழற்றித் தரச்சொல்லி வாங்கிவிட்டேன். நல்ல கெட்டித் துணி. வேம்பார்ப் பக்கம் இதைப் படிப்பவர்கள் யாராவது அந்தத் தம்பியிடம் காட்டுங்கள். தம்பி, அன்று உங்கள் தார்ப்பாயின் இடது ஓரத்தைத்தான் தைத்தேன். வலது ஓரமும் இற்றுப்போயிருந்ததைப் பார்த்தேன். அதற்கு இந்தத் துணி சரியாக இருக்கும். எடுத்துக்கொண்டு வருகிறேன், பஸ்ஸில்தான். என் படம் உள்பக்கம் போகிறமாதிரி தைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
முதுநகர் தையல்காரி