மேடையில் பெயர் வராதவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் மயக்க மருந்து டாக்டர்களான எங்கள் மயக்கவியல் மாநாடு நல்லபடியாக முடிந்தது. உரையாற்றியவர்களுக்கும் பரிசு வாங்கியவர்களுக்கும் அங்கேயே நன்றி சொல்லியாயிற்று. எங்கள் உடம்பையும் மனசையும் பார்த்துக்கொண்ட மற்றவர்களுக்கு இந்த மடல்.

ஹாலுக்குப் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்த மண்டப மேலாளர் அண்ணனுக்கு முதல் நன்றி. சில பாய், தலையணை, கனமான திரை, "இங்கே போன் பேச வேண்டாம்" என்று ஒரு தாள், அவ்வளவுதான். நைட் ட்யூட்டி முடித்துக் கையோடு பஸ் ஏறி வந்த பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) பிள்ளைகள் அங்கே ஒரு தூக்கம் போட்டு, முகம் கழுவிக்கொண்டு போய் ஆய்வுக் கட்டுரை வாசித்தார்கள். வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள், அதை ஒரு சீனியர் மைக்கில் சொல்லிச் சிரிக்க வைப்பார். எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை.

குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பால்வாடி டீச்சர் அக்காவுக்கும், பக்கத்திலேயே பாலூட்டும் அறை ஒதுக்கித் தந்தவர்களுக்கும் என்ன சொல்ல? தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015லேயே தாய்ப்பால் ஊட்டும் அறைகள் வந்துவிட்டன. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற எங்கள் கூட்டங்களிலோ பெண் டாக்டர்கள் இன்னமும் காருக்குள் உட்கார்ந்துதான் பால் கொடுக்கிறார்கள். இந்த முறை ஒருவரும் அப்படி உட்காரவில்லை.

மாடியில் இரண்டு நாளும் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த உளவியல் ஆலோசகர் அம்மாவுக்கு. யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பெயர் எழுதும் நோட்டே வைக்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். மனசு சரியில்லை என்று ஒரு டாக்டர் வாய் திறந்தால் இவரை நம்பி ஆபரேஷன் தியேட்டரில் விடலாமா என்ற பேச்சு கிளம்பும், அந்தப் பயத்திலேயே பலர் கடைசிவரை சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அடையாள அட்டையின் பின்புறம் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அச்சடிக்கச் சொன்ன நர்ஸ் சகோதரிக்கும் இங்கேயே நன்றி.

அப்புறம், மணி அடித்ததும் பேச்சை நிறுத்திய பேராசிரியர்களே, உங்களால்தான் எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பிட்டோம். 2017இல் உலக மருத்துவச் சங்கம், டாக்டர்கள் எடுத்துக்கொள்ளும் ஜெனீவா உறுதிமொழியைத் திருத்தியபோது, நோயாளிக்குச் சிறந்த சிகிச்சை தருவதற்காக மருத்துவர் தன் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள். அதைத் தொடக்க விழாவில் வாசித்ததோடு விடாமல் நேரத்துக்கு முடித்தும் காட்டினீர்கள். டெக்னீஷியன், டிரைவர், டாக்டர் எல்லோருக்கும் ஒரே பந்தி போட்ட சமையல் அண்ணனுக்கும், தாமதமாக வந்தவர்களுக்குச் சூடு குறையாமல் எடுத்து வைத்த அவருடைய ஆட்களுக்கும் நன்றி.

எல்லாவற்றுக்கும் மேல், மாநாட்டுக்கே வராமல் ஆஸ்பத்திரியில் எங்கள் ட்யூட்டியையும் சேர்த்துப் பார்த்தவர்களே, நீங்கள் அங்கே நின்றதால்தான் நாங்கள் இங்கே வர முடிந்தது. ஒருவர்கூட எங்களுக்குப் போன் போட்டுக் கூப்பிடவில்லை, தியேட்டரை நீங்களே சமாளித்தீர்கள். அடுத்த மாநாட்டுக்கு நீங்கள்தான் போகிறீர்கள். தேதி வந்ததும் சொல்லுங்கள், உங்கள் நைட்டுக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.